மண்டபம் ஐந்து, மாமா ஒருவர்: பொதுப்பணித் துறையின் ஆள்கணக்கு எப்படி இயங்குகிறது?

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வந்தால் போதும், பொதுப்பணித் துறையில் எத்தனை இடம் காலி என்று யாராவது கேட்பார்கள். ஓர் எண் பதிலாக வரும். மறுநாள் நாளிதழில் அந்த எண் தலைப்பாகும். அதோடு சரி. எத்தனை நாற்காலி காலி என்று தெரிந்துவிட்டாலும், மிச்ச நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. அது தெரிய வேண்டுமானால் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுக்குள் போய்வர வேண்டும்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக் கல்யாணத்திலும் வீட்டார் சமைப்பதில்லை. இலைக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்து, காண்ட்ராக்ட் விட்டுவிடுகிறோம். ஆனாலும் விவரம் தெரிந்த குடும்பம் ஒரு தாய்மாமனைச் சமையற்கட்டில் நிறுத்திவைக்கும். அவர் கரண்டியைத் தொட மாட்டார். வந்திறங்கிய அரிசி பேசிய அரிசிதானா என்று பார்ப்பார். முந்திரி பாயசத்துக்குப் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்று ஒரு கண் வைத்திருப்பார். சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். ஒவ்வொரு பந்தி எழுந்ததும் இலையை எண்ணி நோட்டில் குறிப்பார். மாலையில் கணக்கு முடிக்கும்போது சமையல்காரர் அறுநூறு இலை என்பார். மாமா நோட்டைப் பிரித்து ஐந்நூற்று நாற்பது என்பார். பணம் அந்த நோட்டுப்படிதான்.

பொதுப்பணித் துறையும் கட்டுவதில்லை, கட்ட வைக்கிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர், கலவை இயந்திரம் எல்லாம் ஒப்பந்ததாரருடையவை. துறைக்கு வேண்டிய ஆட்கள், பட்டியல் போடவும் பார்க்கவும் அளக்கவும் கையெழுத்துப் போடவும்தான். ‘வேலையைத்தான் காண்ட்ராக்டர் செய்கிறாரே, இவர்களுக்கு ஏன் இத்தனை பேர்?’ என்ற கேள்விக்கும், ‘இத்தனை பேர் இருந்தும் ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள்?’ என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. துறையில் ஆள் குறைந்தால் சமையல் நிற்காது. பந்தி நடக்கும். இலை எண்ண ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அந்த வீட்டு ஆட்களின் வரிசையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை 1858-இல் சென்னை மாகாணத்தில் உருவானது. 1946-இல் நெடுஞ்சாலை தனித் துறையாகப் பிரிந்தது. 2021-இல் நீர்வளமும் தனிக்குடித்தனம் போனது. ஆனால் படிநிலை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே தலைமைப் பொறியாளர், அவருக்குக் கீழே வட்டத்துக்கு ஒரு கண்காணிப்புப் பொறியாளர், கோட்டத்துக்கு ஒரு செயற்பொறியாளர், உபகோட்டத்துக்கு ஓர் உதவி செயற்பொறியாளர், கடைசியாகப் பிரிவுக்கு ஓர் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர். அடுப்படியில் நிற்கும் தாய்மாமன் இந்தக் கடைசி ஆள்தான். அவருக்குக் கீழே பணி ஆய்வாளர். ஏரி, கால்வாய் என்றால் லஸ்கர். கோட்ட அலுவலகத்தில் படம் போட வரைவாளர்கள். கணக்குப் பார்க்கும் கோட்டக் கணக்கர் மட்டும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வருகிறவர். உக்கிராணச் சாவி சம்பந்தி வீட்டாரிடம் இருக்கிற மாதிரி. யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

மேலே உள்ளவர்களில் ஓர் இடம் காலியானால் கோப்பு தாமதப்படும். கீழே பிரிவில் ஓர் இடம் காலியானால் பார்க்கிற கண்ணே போய்விடும். பத்திரிகைச் செய்தியில் இரண்டும் ‘ஒரு காலியிடம்’தான்.

மாமாவின் நோட்டுக்குத் துறையில் அளவுப் புத்தகம் என்று பெயர். பேச்சில் எம்-புக். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்டிருக்கும், கிழிக்க முடியாது. வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டங்கள். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது; கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அளவு எடுத்தவர் கையெழுத்து, அதன்மேல் சரிபார்த்த மேலதிகாரியின் கையெழுத்து, தேதி. ஒப்பந்ததாரருக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் இந்தப் புத்தகத்தின் ஏதோ ஒரு வரியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். நீதிமன்றம் வரை போனாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

இந்த நோட்டைச் சாவகாசமாக உட்கார்ந்து எழுத முடியாது. அஸ்திவாரக் குழியை மண் மூடுவதற்குள் அளக்க வேண்டும். கம்பியைக் கான்கிரீட் மூடுவதற்குள் எண்ண வேண்டும்: எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளி, அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று. மூடிய பிறகு உள்ளே இருப்பதைச் சொல்லக் கட்டியவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. நேரமும் கையில் கிடையாது. ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை, ஏற்றியதிலிருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். லாரி தளத்துக்கு வந்து நிற்கிறது. உதவிப் பொறியாளர் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டத்தில் இருக்கிறார். கைபேசி அடிக்கிறது. ‘சார், கம்பியெல்லாம் சரியா கட்டியாச்சு, போட்டுடலாமா?’ இதற்கு அவர் என்ன சொல்லிவிட முடியும்? லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஒப்பந்ததாரர் நஷ்டக் கணக்கோடு வருவார். வாட்ஸ்ஆப்பில் நாலு படம் அனுப்பச் சொல்லி, ‘போடுங்க’ என்கிறார். சாயங்காலம் வந்து எம்-புக்கில் அளவு எழுதுகிறார். படத்தைப் பார்த்து எண்ணிய இலை.

இதில் கள்ளத்தனம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே முகூர்த்தத்தில் ஐந்து மண்டபத்துக்கு ஒரே மாமா போனால் எந்த நல்ல மனிதருக்கும் இதுதான் கதி.

வேலைப்பளுவை எப்படி எடைபோடுகிறோம் என்பதில்தான் கோளாறு. ஒரு கோட்டத்தில் எவ்வளவு வேலை என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை கோடி ரூபாய் என்றுதான் பதில் வரும். கேட்கிறவருக்கும் அதுவே வசதி. கல்யாண வீட்டில் அரிசி மூட்டையை எண்ணுவது போன்றது இது. பத்து மூட்டை அரிசி ஒரே மண்டபத்தில் வேகிறதா, பத்து மண்டபத்தில் வேகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாமாவைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்விதான் கேள்வி.

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை, கான்கிரீட்டிலேயே காட்டலாம். ஐ.எஸ். 456 என்ற விதித்தொகுப்புப்படி, ஊற்றும் கான்கிரீட் 5 கனமீட்டர் வரை என்றால் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். 6 முதல் 15 வரை இரண்டு. 16 முதல் 30 வரை மூன்று. ஒரு மாதிரி என்பது 3 கனசதுரக் கட்டிகள். 15 சென்டிமீட்டர் பக்கம், ஒவ்வொன்றும் 8 கிலோ இருக்கும். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். இப்போது 25 கனமீட்டர் கான்கிரீட் ஒரே தளத்தில் ஒரே நாளில் போட்டால் மாதிரி மூன்று, கட்டி 9. அதே 25 கனமீட்டரை ஐந்து ஊர்களில், பள்ளிக்கு ஒரு கழிப்பறை, சுகாதார நிலையத்துக்கு ஒரு சாய்தளம் என்று ஐந்தைந்தாகப் போட்டால் மாதிரி ஐந்து, கட்டி 15. சிமெண்ட் அதேதான், பணம் ஏறக்குறைய அதேதான். கட்டி ஒன்றரை மடங்குக்கு மேல். அதோடு ஐந்து ஊர்ப் பயணம், ஐந்து எம்-புக் பதிவு, ஐந்து பில்.

பேப்பர் வேலையிலும் இதே கதைதான். மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அதற்கு அவ்வாண்டு விலைவிகிதப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நிர்வாக ஒப்புதல், பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு ஒப்பந்தப்புள்ளி, விலைப்புள்ளி ஒப்பீடு, ஒப்பந்தப் பத்திரம், பணி ஆணை, அளவு, பகுதிப் பில், இறுதிப் பில். ஒப்பந்தப்புள்ளி விஷயத்தில் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் விதிகள் உண்டு: 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆக இருபது லட்ச ரூபாய் வேலையும் ஒன்றே முக்கால் கோடி வேலையும் ஒரே வரிசையில் ஒரே நேரம் நிற்கும். படிகள் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் சுருட்டியதால் வந்த படி. படிகளைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், ஏறுகிறவர்களையும் கூட்டியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பெரிய கல்யாணத்தைத் துறை நன்றாகவே நடத்துகிறது. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சென்னை கிண்டியில் உள்ள பன்னோக்கு மருத்துவமனையும் 2023-இல் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு விருதுநகர், நாமக்கல், நீலகிரி, ராமநாதபுரம் என 11 மாவட்டங்களில் புதிய மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தம் 1,450 இடங்கள். மாப்பிள்ளை வீடு பெரிய இடமாக இருந்தால் மாமாக்கள் எல்லோரும் அந்த மண்டபத்தில்தான் இருப்பார்கள். தனிக் கோட்டம் போடுவார்கள், நல்ல ஆட்களைப் பொறுக்கி அனுப்புவார்கள், தலைமைப் பொறியாளர் அடிக்கடி வருவார். அந்த ஆட்கள் வானத்திலிருந்து வருவதில்லை. வேறு ஏதோ ஒரு பிரிவிலிருந்து கழற்றப்பட்டவர்கள்தான். அந்தப் பிரிவில் தாலுகா அலுவலகக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்.

ரூபாய்க் கணக்கில் ஏறாத வேலைகள் வேறு உண்டு. தனியார் கட்டடத்தில் அரசு அலுவலகம் வாடகைக்கு இருந்தால் நியாய வாடகை நிர்ணயிப்பது பொதுப்பணித் துறை. முதலமைச்சர் கூட்டத்துக்குப் போட்ட மேடை தாங்குமா என்று பார்த்துச் சான்று தருவது அதே துறை. தேர்தல் வந்தால் வாக்கு எண்ணும் மையத்துக்குத் தடுப்பு. லஞ்ச ஒழிப்புத் துறை சொத்துக் குவிப்பு வழக்குப் போட்டால், குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை அளந்து மதிப்புப் போடுவதற்கும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்தான். பிறகு வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் எந்தத் தலைப்பிலும் வேலைப்பளு ஒதுக்கீடு கிடையாது. சமையற்கட்டில் நிற்கிற மாமாவைக் கூப்பிட்டு, ‘அப்படியே வாசலில் வண்டி நிறுத்துவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது போல.

நீர்வளத் துறைப் பக்கம் நிலைமை வேறு மாதிரி. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள சுமார் 14,000 ஏரிகள் இந்தத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களுடையவை. இங்கே கட்டி முடித்துவிட்டுப் போய்விட முடியாது. கல்யாணம் ஒரு நாள்தான், அதற்குப் பிறகு வீட்டில் தினமும் உலை வைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நள்ளிரவில் மதகைத் திறக்க வேண்டுமென்றால் அங்கே ஓர் ஆள் வேண்டும். கரையில் எலி வளை எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் போன மழைக்குக் கசிந்தது, எந்த ஷட்டரின் திருகு மரை தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த லஸ்கரின் தலையில் இருக்கும். எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு சால்வையோடு அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் முதல் வருடம் ஒன்றும் ஆகாது. இரண்டாம் வருடமும் மழை குறைந்தால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கடைநிலைப் பணியிடங்களை விட்டுவைப்பது சிக்கனம் போலத் தோன்றுகிறது.

சரி, நாற்காலிகள் எப்படிக் காலியாகின்றன? ஓய்வு பெறுவது தேதி போட்டு வருவது. இன்ன மாதம் இன்னார் போகிறார் என்பது அவர் சேர்ந்த நாளிலேயே தெரியும். நிரப்புவதற்கோ காலிப்பணியிட மதிப்பீடு, அரசு ஒப்புதல், தேர்வாணையத்துக்குக் கடிதம், அறிவிக்கை, தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று நீண்ட வழி. நடுவில் ஒரு வழக்கு விழுந்தால் அது தனிக் கதை. இதற்கு மேல் சில பெரிய பள்ளங்களும் விழுந்திருக்கின்றன. 2001-இல் தமிழ்நாடு அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது, 2006-இல்தான் நீக்கியது. அந்த ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் இன்று அனுபவம் முதிர்ந்த நடுநிலை அதிகாரிகளாக இருந்திருப்பார்கள். பிறகு எத்தனை பேரைச் சேர்த்தாலும் அவர்கள் இளையவர்கள். இருபது வருட அனுபவத்தைத் தேர்வு வைத்து எடுக்க முடியாது.

அடுத்தது 2020 மே. ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது, 2021-இல் 60. ஆக ஏறக்குறைய இரண்டு வருடம் வயதின் காரணமாக யாரும் வெளியே போகவில்லை. புள்ளிவிவரத்தில் பார்த்தால் காலியிடப் பிரச்சினை சற்று ஆறியது போல இருந்திருக்கும். 2022 மே முதல் மறுபடியும் மாதாமாதம் சால்வை. தள்ளிப்போட்டதால் கிடைத்த இரண்டு வருட அவகாசத்தில் தேர்வுகளை முடித்து ஆட்களைத் தயாராக வைத்திருந்தால் அது கெட்டிக்காரத்தனம். இல்லையென்றால் வெறும் ஒத்திவைப்பு.

காலியிடத்தைக் காலியாக விடவும் முடியாது, கையெழுத்து வேண்டுமே. அதற்குத் துறை கண்டுபிடித்திருக்கும் வழிதான் ‘கூடுதல் பொறுப்பு’. பக்கத்துப் பிரிவு உதவிப் பொறியாளர் இதையும் பார்த்துக்கொள்வார். கோப்புகளின் பார்வையில் அந்த நாற்காலி நிரம்பிவிட்டது. பில் நிற்காது, சம்பளம் நிற்காது, புகாருக்குப் பதில் போகும். குறைவது தளத்தில் நிற்கிற நேரம் மட்டும்தான், அதை அளக்க எந்தப் பதிவேடும் இல்லை. என்னைக் கேட்டால், காலிப்பணியிடத்தைவிட ஆபத்தானது இந்தக் கூடுதல் பொறுப்பு. காலியிடமாவது கண்ணில் படும்.

மார்ச் மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒதுக்கிய பணம் மார்ச் 31-க்குள் செலவாகவில்லையென்றால் திரும்பிப் போய்விடும். ஒப்புதல்கள் பெரும்பாலும் ஆண்டின் பாதி கழிந்த பிறகு வரும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மண் வேலை ஓடாது. ஆக எல்லா முகூர்த்தமும் தையிலிருந்து பங்குனிக்குள். ஆண்டு சராசரியில் ஒருவர் பார்க்கக்கூடிய வேலைதான் என்று தாளில் தெரிவது, பிப்ரவரி, மார்ச்சில் மூன்று பேருக்கான வேலையாக இருக்கும். சராசரியை வைத்துப் பந்தி பரிமாற முடியாது.

இப்போது பல இடங்களில் வடிவமைப்புக்கும் மேற்பார்வைக்கும் வெளி ஆலோசனை நிறுவனங்களை அமர்த்துகிறார்கள். சில வேலைகளுக்கு அது சரி. துறையில் ஆள் இல்லாத நுட்பங்களுக்கு வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் ருசி பார்ப்பதையே காண்ட்ராக்ட் விட்டால், ருசி பார்த்தவர் சரியாகத்தான் பார்த்தாரா என்று சொல்ல வீட்டில் ஒரு நாக்காவது வேண்டும். எம்-புக்கில் கடைசிக் கையெழுத்து அப்போதும் உதவிப் பொறியாளருடையதுதான். தணிக்கையில் மாட்டுகிறவரும் அவர்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘எத்தனை காலிப்பணியிடம்?’ என்று மறுபடியும் கேட்காதீர்கள். அந்த எண்ணைத் துறையே சொல்லிவிடுகிறது. உங்கள் பகுதிப் பிரிவு உதவிப் பொறியாளரின் பொறுப்பில் இந்த ஆண்டு நடக்கும் வேலைகள் எத்தனை, அவை எத்தனை ஊர்களில் இருக்கின்றன, அவர் எந்தெந்தப் பிரிவுகளைக் கூடுதல் பொறுப்பில் பார்க்கிறார், எந்தத் தேதியிலிருந்து பார்க்கிறார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். அடுத்த மானியக் கோரிக்கையில் அவர் கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கும்.